எந்தப் பிரஸ்ஸிங்?

பெங்களூரில் நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதத்தில் ஒரு ஞாயிறு கூடி ஜாஸ் கேட்கிறோம். இரண்டு பேர் ஓய்வுபெற்றவர்கள், மற்றவர்கள் என்னைப்போல கோட் எழுதிப் பிழைப்பவர்கள். போன வருடம் என் டீமில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண்ணை அங்கே அழைத்துப்போனேன். லீ மோர்கன் என்றால் அவளுக்கு உயிர். 1938இல் பிறந்த ஒரு மனிதனின் ட்ரம்பெட்டைக் கேட்டுக்கொண்டே தினமும் மெட்ரோவில் வேலைக்கு வரும் இருபத்திமூன்று வயதுப் பெண். எங்கள் கூட்டத்துக்கு இதைவிட நல்ல சேதி வேறு என்ன இருக்க முடியும்?

வீட்டுக்காரர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி: "எதுலமா கேக்கற?"

"ஃபோன்லதான் சார்."

ஒரு சிரிப்பு எழுந்தது. கெட்ட சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். குழந்தை எதையாவது உளறினால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அது. அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் பேச்சு முழுக்க எது அசல் பிரஸ்ஸிங், எது ஜப்பான் பிரஸ்ஸிங், யார் எந்த ஊர்க் கடையில் எதை என்ன விலைக்குத் தூக்கினார் என்றே ஓடியது. இசை பின்னால் ஒலித்துக்கொண்டிருந்தது, பந்தி நடக்கும்போது வாசிக்கிற நாதஸ்வரம் மாதிரி. அவள் அடுத்த மாதம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. இதை நான் அந்த வீட்டுக்காரர் தலையில் கட்ட முடியாது. சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

ஜாஸ் சேகரிப்பு உலகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ப்ளூ நோட் நிறுவனத்தின் பழைய இசைத்தட்டு ஒன்று அசலா, பின்னாளில் அச்சிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள் தெரியுமா? தட்டின் நடுவே ஒட்டியிருக்கும் லேபிளில் உள்ள விலாசத்தை வைத்து. லெக்சிங்டன் அவென்யூ என்று இருந்தால் மிகப் பழையது, சாமி மாதிரி. 47 வெஸ்ட் 63ஆம் தெரு என்றால் அதற்கடுத்தது. வெறுமனே நியூயார்க் என்றால் இன்னும் பின்னால். லிபர்ட்டி என்ற பெயர் தென்பட்டால் முகம் சுண்டிவிடும், ஏனென்றால் லிபர்ட்டி நிறுவனம் ப்ளூ நோட்டை வாங்கியது 1965இல்தான். இதோடு முடியவில்லை. பாட்டு முடிந்த பிறகு வரும் வெற்று வளையத்தில் 'காது' இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிலைட் ஆலையில் அச்சானதைக் காட்டும் 'பி' எழுத்துதான் அந்தக் காது. ஹாங்க் மோப்ளியின் 1568ஆம் எண் தட்டில் ஒரு பக்க லேபிளில் நியூயார்க் 23 என்றும் மறுபக்கம் வேறு மாதிரியும் விலாசம் இருக்க வேண்டும் என்று ஒரு தனி சாஸ்திரமே உண்டு. அப்படி ஒன்று கிடைத்தால் பல ஆயிரம் டாலருக்குப் போகும்.

எங்கள் ஊரில் இதைச் செய்பவருக்குப் பத்திர எழுத்தர் என்று பெயர். மூலப்பத்திரம் கையில் இருக்கிறதா, சர்வே எண் ஒத்துப்போகிறதா, வில்லங்கம் ஏதும் உண்டா? மோப்ளி என்ன வாசித்தார் என்ற கேள்வி இந்த விசாரணையில் எங்குமே வராது.

அசல்தான் உயர்ந்தது என்பதற்குச் சொல்லும் காரணம், கலைஞர்கள் வாசித்த தருணத்துக்கு அதுதான் மிக அருகில் இருக்கிறது என்பது. சரி, உலகத்திலேயே அதிகம் புழங்கும் ஜாஸ் ஆல்பத்தையே எடுத்துக்கொள்வோம். மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ', 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 என இரண்டு அமர்வுகளில் நியூயார்க்கின் 30ஆம் தெரு ஸ்டுடியோவில் பதிவானது. மார்ச் அமர்வின்போது பிரதான டேப் இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடிய டேப்பைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறிவிடும். அதனால் முதல் பக்கத்தின் மூன்று பாடல்களும் அவர்கள் வாசித்ததைவிடக் கொஞ்சம் மேலேதான் தட்டில் ஏறின. இது திருத்தப்பட்டது 1992இல், கூடவே சரியாக ஓடிய இன்னொரு இயந்திரத்தின் டேப்பை எடுத்து. அதாவது முப்பது வருடங்களுக்கும் மேலாக எல்லோரும் கேட்டது சுருதி பிசகிய முதல் பக்கம். மைல்ஸ் அன்று ஊதிய சுருதி உங்களுக்கு வேண்டுமென்றால் மறுபதிப்புதான் வாங்க வேண்டும். பூட்டிய கண்ணாடி அலமாரியில் இருக்கும் 1959ஆம் வருடத்துத் தட்டில் அது இல்லை.

என்னிடம் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' நான்கு பிரதிகள் இருக்கின்றன. நான்கையும் ஒப்பிட்டுக் கேட்பதற்காகவே கேட்டிருக்கிறேன். முதல் பாட்டின் முதல் இரண்டு நிமிடம், ஊசியை எடு, அடுத்த தட்டு, முதல் இரண்டு நிமிடம். கடைசியாக அந்த ஆல்பத்தை முழுசாக உட்கார்ந்து கேட்டது எப்போது என்று யோசித்தால் காலேஜ் ஹாஸ்டல்தான் ஞாபகம் வருகிறது. எம்பி3. ஓட்டை ஹெட்ஃபோன்.

காது பற்றிய பெருமைக்கும் ஒரு கதை இருக்கிறது. மொபைல் ஃபிடெலிட்டி என்ற அமெரிக்க நிறுவனத்தின் மறுபதிப்புகளை அனலாக் பக்தர்கள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். டிஜிட்டல் வாடையே படாத, அசல் டேப்பிலிருந்து நேராக வெட்டப்பட்ட தட்டு என்று நம்பி, சில வகைகளை 125 டாலர் கொடுத்து வாங்கினார்கள். 2022 ஜூலையில் ஃபீனிக்ஸ் நகரத்து ரெக்கார்ட் கடைக்காரர் ஒருவர் சந்தேகத்தைக் கிளப்பினார். பிறகு அந்த நிறுவனத்தின் பொறியாளர்களே ஒத்துக்கொண்டார்கள்: பல வருடங்களாக நடுவில் ஒரு டிஜிட்டல் படி இருந்திருக்கிறது. வழக்கு, இழப்பீடு என்று போனது. ஏமாற்றியது தப்புதான், மறுக்கவில்லை. ஆனால் அத்தனை வருடமும் டிஜிட்டல் என்றால் கேட்டவுடனே கண்டுபிடித்துவிடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்த காதுகள் எங்கே போயிருந்தன? ஃபோனில் கேட்கிற பெண்ணைப் பார்த்துச் சிரிக்கும் உரிமையை எந்தக் காது கொடுத்தது?

எனக்கு இதையெல்லாம்விட உறுத்துவது டீனா ப்ரூக்ஸ். டெனர் சாக்ஸஃபோன்காரர். பெரிய சத்தம் கிடையாது, அலட்டல் கிடையாது; துக்கத்தைக்கூட மரியாதையாகச் சொல்கிற வாசிப்பு. 1958க்கும் 61க்கும் இடையே தன் பெயரில் ப்ளூ நோட்டுக்காக நான்கு ஆல்பங்கள் பதிவுசெய்தார். அவர் உயிரோடு இருந்தவரை வெளிவந்தது ஒன்றே ஒன்று, 'ட்ரூ ப்ளூ'. அதில் ட்ரம்பெட் வாசித்தது இருபத்திரண்டு வயது ஃப்ரெடி ஹப்பர்ட். அதற்கு ஆறு நாள் முன்னால்தான் ஹப்பர்டின் முதல் ஆல்பத்தில் ப்ரூக்ஸ் வாசித்திருந்தார். அதன் தலைப்புப் பாடலை எழுதியதும் அவரே. ஹப்பர்ட் எங்கேயோ போய்விட்டார். ப்ரூக்ஸின் இன்னொரு ஆல்பத்துக்கு 4052 என்று எண்கூட ஒதுக்கியாயிற்று, தட்டு வரவில்லை. 1961க்குப் பிறகு அவர் எதையும் பதிவுசெய்யவில்லை. போதை, உடல்நலக் கேடு. 1974இல் 42 வயதில் இறந்துபோனார்.

இன்றைக்கு 'ட்ரூ ப்ளூ' அசல் தட்டு கைமாறுகிற விலையை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. அந்தப் பணத்தில் ஒரு சென்ட்கூட அவர் குடும்பத்துக்குப் போகாது. அமெரிக்கச் சட்டப்படி பழைய தட்டின் மறுவிற்பனையில் கலைஞருக்குப் பங்கு இல்லை. சேகரிப்பாளர் சேகரிப்பாளருக்கு விற்கிறார், அவ்வளவுதான். அவர் வாசிப்பைக் கேட்க ஆளில்லாமல் செத்துப்போனவரின் தட்டு, இப்போது அபூர்வம் என்பதாலேயே விலை ஏறுகிறது. ஏன் அபூர்வம்? அன்றைக்கு யாரும் வாங்கவில்லை, அதனால்.

அவரைக் காப்பாற்றியவர்கள் மறுபதிப்புக்காரர்கள். மைக்கேல் கஸ்கூனா என்ற தயாரிப்பாளர் எழுபதுகளின் நடுவில் ப்ளூ நோட்டின் டேப் கிடங்குக்குள் புகுந்து, வெளிவராத அமர்வுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பட்டியல் போட ஆரம்பித்தார். சார்லி லூரியோடு சேர்ந்து மொசைக் என்ற சின்ன நிறுவனத்தை நடத்தினார். 1985இல் ப்ரூக்ஸின் நான்கு ஆல்பங்களும் ஒரே பெட்டியாக வந்தன. கஸ்கூனா 2024இல் காலமானார். எங்கள் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அன்று அவர் பெயர் வந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன். வரவில்லை. லெக்சிங்டன் அவென்யூ நாலைந்து முறை வந்தது.

ஒலியில் வித்தியாசமே இல்லை என்று நான் சொல்லவில்லை. கெவின் கிரே வெட்டிய டோன் போயட் வரிசைத் தட்டுகள் சிலவற்றைக் கேட்கும்போது பாஸ்காரர் விரல் நரம்பில் உரசுவது தெரிகிறது. அதற்குக் கஸ்டம்ஸ் வரியும் கட்டி வாங்குகிறேன், கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட் சாட்சி. ஃபோன் ஆப்களுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. ஜாஸில் யார் யார் வாசித்தார்கள் என்பதுதான் பாதி விஷயம். ஆப்பில் தேடித் தேடிப் பார்த்தாலும் பல சமயம் டிரம்ஸ்காரர் பெயர் கிடைப்பதில்லை. அட்டையின் பின்பக்கம் இருக்கும் நாலு வரி அந்த வேலையை அழகாகச் செய்கிறது. ஆக, வாங்குங்கள். ரூடி வான் கெல்டரே பெற்றோர் வீட்டு வரவேற்பறையில் தான் பதிவுசெய்த பழைய டேப்புகளையெல்லாம் வயதான காலத்தில் சிடிக்காக டிஜிட்டலில் மறுபடி மாஸ்டர் செய்தார். அந்த மனிதருக்கு இல்லாத தீட்டு நமக்கு எதற்கு?

ப்ரூக்ஸின் அந்த நான்கில் முதலாவது 'மைனர் மூவ்', 1958 மார்ச்சில் பதிவானது. ட்ரம்பெட் யார் தெரியுமா? பத்தொன்பது வயது லீ மோர்கன். இருபது வருடத்துக்கும் மேலாகக் கிடங்கில் கிடந்து, 1980இல் ஜப்பானில்தான் முதன்முதலாகத் தட்டாக வந்தது. லெக்சிங்டன் விலாசம், காது, மூலப்பத்திரம் எதுவும் கிடையாது. எங்கள் வீட்டுக்காரர் கணக்குப்படி இந்த ஆல்பத்துக்கு அசலே இல்லை.

அந்தப் பெண் இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறாள். போன மாதம் கூச்சத்தை விட்டு 'மைனர் மூவ்' சுட்டியை வாட்ஸப்பில் அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: "செம சார். பியானோ யாரு? ஆப்ல பேரே போடல."

எழுந்துபோய் அட்டையைத் திருப்பிப் பார்த்து, ஒரு போட்டோ எடுத்து அனுப்பினேன். சானி க்ளார்க்.