அப்பா கூப்பிட்டார்... மகன் அசையவில்லை!

1944 மே மாதம். ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் ரயிலிலிருந்து இறக்கப்பட்ட யூதர்களில் ஷ்லோமோ வீசலும் அவர் மகன் எலீயும் இருந்தார்கள். அப்பாவுக்கு 50 வயது, மகனுக்கு 15. "வயசு கேட்டா 40, 18-னு சொல்லுங்க" என்று எச்சரித்தார் அங்கிருந்த ஒரு கைதி. வேலைக்கு உதவாதவர்களுக்கு அங்கே விஷவாயு அறைதான்!

எலீயின் அம்மாவும் தங்கையும் அன்றே வேறு வரிசைக்குப் போனார்கள். திரும்பவே இல்லை. அப்பாவைப் பிரியக் கூடாது... மகனுக்கு இருந்தது அந்த ஒரே நினைப்புதான்.

1958-ல் பிரெஞ்சில் வெளிவந்து, ஆங்கிலத்தில் 'நைட்' என்ற பெயரில் உலகமே படித்த புத்தகத்தில் எலீ வீசல் இதையெல்லாம் எழுதியிருக்கிறார். ஒருநாள், சாகப் போகிறவர்களின் பட்டியலில் அப்பாவின் எண். மகனுக்குக் கொடுக்க அவரிடம் சொத்து என்று இருந்தவை ஒரு கத்தியும் ஒரு ஸ்பூனும்தான். கொடுத்துவிட்டார். நல்லவேளை, அன்று தப்பினார். மாலையில் மகன் இரண்டையும் திருப்பிக் கொடுத்தான்.

1945 ஜனவரி. கொட்டும் பனியில் கைதிகளை ஓட வைத்தார்கள். வழியில் ஒரு வயதான மதகுரு, காணாமல்போன மகனைத் தேடி வந்தார். அப்பா பின்தங்குவதைப் பார்த்துவிட்டு அந்த மகன் வேண்டுமென்றே முன்னால் ஓடியது எலீக்கு அப்புறம்தான் உறைத்தது. 'நான் அப்படி ஆகிவிடக் கூடாது' என்று வேண்டிக்கொண்டான்.

புகன்வால்ட் முகாமில் அப்பாவுக்குக் கடும் வயிற்றுப்போக்கு. "உன் ரொட்டியை அவருக்குக் கொடுக்காதே. இங்கே அப்பாவும் இல்லை, சகோதரனும் இல்லை" என்றார் அங்கிருந்த பொறுப்பாளர். அந்த நொடியில் எலீயின் மனமும் சற்றே சலனப்பட்டது. ஆனாலும் ஓடிப்போய் சூப் வாங்கி வந்து கொடுத்தான்.

ஜனவரி 28 இரவு. தண்ணீர் கேட்டு முனகிய அப்பாவைக் காவலர் தலையில் அடித்தார். மகனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார் அப்பா. அடிக்குப் பயந்து மகன் அசையவில்லை. விடிந்தபோது அந்தப் படுக்கையில் வேறொரு நோயாளி.

ஏப்ரல் 11-ல் முகாம் விடுவிக்கப்பட்டது. 1986-ல் அமைதிக்கான நோபல் பரிசு எலீயைத் தேடி வந்தது. அந்த இரவுக்காக மட்டும் தன்னை மன்னிக்கவே மாட்டேன் என்று எழுதினார் அவர். அவ்வளவு அடித்து, பட்டினி போட்டுப் பிரிக்கப் பார்த்தவர்களைவிட, பதில் சொல்லாத அந்த ஒரு அழைப்பே அவரை அதிகம் உறுத்தியது.

1972-ல் அவருக்கு மகன் பிறந்தான். ஷ்லோமோ எலீஷா என்று பெயர் வைத்தார். ஷ்லோமோ, அவருடைய அப்பாவின் பெயர்.