கத்தி பிடிக்காத கைகள்

மருத்துவக் கல்லூரிகளின் பெருக்கத்தை மத்திய அரசு தனது சாதனைப் பட்டியலில் தவறாமல் சேர்த்துக் கொள்கிறது. 2014-இல் 387 ஆக இருந்த கல்லூரிகள் 2024-இல் 780 ஆகிவிட்டன. 51 ஆயிரமாக இருந்த எம்.பி.பி.எஸ். இடங்கள் 1 லட்சத்து 12 ஆயிரத்தைத் தாண்டின. மருத்துவர் பற்றாக்குறை நிலவும் நாட்டில் இது வரவேற்கத்தக்கதே. ஆனால், முதலாண்டு மாணவர் உடற்கூறியலைத் தன் கையால் அறுத்துப் பயில்கிறாரா என்ற கேள்வி, இடங்களின் எண்ணிக்கை ஒலிக்கும் அளவுக்கு நாடாளுமன்றத்தில் ஒலிப்பதில்லை.

ஒரு மேஜையைச் சுற்றிப் பெருங்கூட்டமாக மாணவர்கள் நிற்க, முன்வரிசையில் இருவர் மட்டும் அறுப்பதும் மற்றவர்கள் எட்டிப் பார்ப்பதும் பயிற்சி ஆகாது. முன்கூட்டியே அறுத்து வைத்த பகுதிகளைக் காட்டி முடித்துக் கொள்வதும் அத்தகையதே. உடல் கிடைக்காத குறைக்கு மின்னணுத் திரை மேஜைகளே மாற்று என்ற வாதம் இப்போது வலுப்பெற்று வருகிறது. திரையில் விரல் பட்டதும் தோல் விலகும். நரம்பும் தமனியும் தனித்தனி வண்ணத்தில் பளிச்சிடும். உண்மை உடலில் அவை கொழுப்பிலும் சவ்விலும் புதைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. சிறுநீரகத்துக்கு ஒரு தமனி என்று பாடநூல் கூறுகிறது. ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு மற்றொன்றும் இருக்கிறது. அதை அறுவை அரங்கில்தான் முதன்முதலாகச் சந்திப்பது என்றால், விலை கொடுப்பவர் நோயாளி. திரை துணையாக இருக்கலாம், மாற்றாக முடியாது.

1836-இல் கொல்கத்தா மருத்துவக் கல்லூரியில் சாதிக் கட்டுப்பாட்டை மீறி மதுசூதன் குப்தா மனித உடலை அறுத்தார். அன்று தடையாக நின்றது சமூகம். இன்றைய தடை நிர்வாகத்தின் அலட்சியம். 1997-இல் முதல்கட்டப் படிப்பு பதினெட்டு மாதங்களிலிருந்து ஓராண்டாகச் சுருக்கப்பட்டது. 2019-இல் அறிமுகமான பாடத்திட்டம் சிறு குழுக்களாகப் பயில்வதையும் உடலை மரியாதையுடன் கையாள்வதையும் வலியுறுத்துகிறது. ஆசிரியரின்றிச் சிறு குழு ஏது? களிமண்ணில் உறுப்புகளை வடிப்பதற்கும், சக மாணவரின் தோல் மீது தசையையும் நரம்பையும் வரைந்து பார்ப்பதற்கும், ஒருவருக்கொருவர் பாடம் நடத்துவதற்கும் கோடிகள் தேவையில்லை. உடனிருந்து திருத்த ஆசிரியர்தான் தேவை.

உடல்களுக்கான சட்டமோ மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. 1949-இல் பம்பாயிலும் 1951-இல் சென்னை மாநிலத்திலும் இயற்றப்பட்ட சட்டங்கள் உரிமை கோரப்படாத உடல்களையே பெரிதும் நம்பின. அதாவது, ஆதரவற்ற ஏழையின் உடலை. இதை மாற்றக் கூடியது உடல்தானம் மட்டுமே. 2010-இல் நானாஜி தேஷ்முக்கின் உடலும் 2024-இல் சீதாராம் யெச்சூரியின் உடலும் தில்லி எய்ம்ஸுக்கே சென்றன. கொள்கையில் எதிரெதிர் துருவங்களான இருவர் ஒன்றுபட்ட இடம் அது! எனினும், பெருநகரின் புகழ்பெற்ற நிறுவனத்துக்குக் கிடைப்பது மாவட்டத் தலைநகரில் புதிதாக எழும் கல்லூரிக்கும் தானாகவே கிடைத்துவிடாது. தானமாகும் உடல்களை மாநில எல்லை கடந்து பகிர்ந்துகொள்ள வகை செய்யும் பொதுவான சட்டத்தை மாநிலங்களுடன் கலந்து மத்திய அரசு உருவாக்க வேண்டும். தேசிய மருத்துவ ஆணையமும் புதிய இடங்களுக்கு ஒப்புதல் அளிக்குமுன், கட்டடங்களையும் படுக்கைகளையும் எண்ணுவதோடு, ஒவ்வொரு மாணவரும் தன் கையால் எத்தனை மணி நேரம் அறுத்துப் பயின்றார் என்ற பதிவேட்டையும் கேட்டுப் பெற வேண்டும்.