பனிக்காலத்தில் பசுவின் தாகம்

"பனி பெய்கிற தேசங்களில் குளம் குட்டையெல்லாம் கல்லாக உறைந்துவிடுமாமே, மாடு கன்றுகள் தண்ணீருக்கு என்ன செய்யும்? தொட்டியில் கொஞ்சம் உப்பைப் போட்டு வைத்தால் உறையாதே!" என்று மயிலாப்பூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வீட்டில் ஐஸ்கிரீம் செய்து பழகியவர் போலிருக்கிறது!

உப்பு யோசனை அங்கே பலிக்காது, அம்மணி. கடல் ஜலமே பூஜ்யத்துக்குக் கீழே 2 டிகிரியில் உறைந்து போகிறது. அமெரிக்காவின் வட கோடியில் மின்னசோட்டா என்று ஒரு மாகாணம். பால் பண்ணைகள் நிறைந்த சீமை. அங்கே டவர் என்ற ஊரில் 1996-ஆம் வருஷம் பிப்ரவரி 2-ஆம் தேதி பூஜ்யத்துக்குக் கீழே 51 டிகிரி சென்டிகிரேடு! அந்தக் குளிருக்கு எத்தனை உப்புப் போட்டாலும் தண்ணீர் உறையும். அதற்கு முன்பே அது மாட்டுக்கு விஷமாகிவிடும்.

குளிரில் மாட்டுக்குத் தாகம் ஏது என்கிறீர்களா? பாலில் 100-க்கு 87 பங்கு தண்ணீர்தானே! நிறையக் கறக்கும் பசு நாளொன்றுக்கு 100 லிட்டருக்கு மேல் குடிக்கும். தீவனமோ அப்போது காய்ந்த புல். தண்ணீர் குறைந்தால் தீனி இறங்காது. தீனி இறங்காவிட்டால் பாலும் இல்லை, உடம்பில் சூடும் இல்லை. இறைச்சி மாடும் ஆடும் சுத்தமான பனியைத் தின்று ஓரளவு சமாளிக்கும். கறவைப் பசுவுக்கு அது போதாது.

அந்தக் காலத்தில் குடியானவர் விடியற்காலையில் கோடரியோடு போய்த் தொட்டியின் பனிக்கட்டியைப் பிளப்பார். சில பண்ணைகளில் ஓர் இரும்பு அடுப்பையே தொட்டித் தண்ணீருக்குள் இறக்கி, விறகும் மக்காச்சோளக் கட்டையும் போட்டு எரிப்பார்கள். தண்ணீருக்குள் அடுப்பு, புகைபோக்கி மட்டும் வெளியே! கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் சட்டம் 1936-ல்தான் வந்தது. அதற்கு முன் அந்நாட்டுப் பண்ணைகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின் விளக்கு.

இப்போது தொட்டியில் மின்சாரச் சூடேற்றி மிதக்கிறது. அதிலும் ஒரு வம்பு உண்டு. கம்பியில் துளி மின்சாரம் கசிந்தாலும் பசு தண்ணீரில் வாய் வைக்காது. கிட்டே வரும், மூக்கை நீட்டும், சடக்கென்று பின்வாங்கும். ரப்பர் பூட்ஸ் போட்ட எஜமானருக்கு ஒன்றும் தெரியாது. ஈரத் தரையில் நாலு காலும் ஊன்றி நிற்கிற பசுவுக்கு, இரண்டு மூன்று வோல்ட் என்றாலே சுரீர் என்கும். தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் பால் குறையும். 'மாட்டுக்கு என்ன வந்தது?' என்று வைத்தியரைக் கூப்பிடுவதற்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவது உத்தமம்.

மின்சாரமே வேண்டாத தொட்டியும் இருக்கிறது. எனக்குப் பிடித்தது அதுதான். மேலே எவ்வளவு உறைந்தாலும், பூமிக்குள் 6, 7 அடி ஆழத்தில் குளிர் எட்டுவதில்லை. அந்த ஆழத்தில் குழாய் பதித்து, வெப்பம் வெளியேறாத கனத்த சுவருள்ள தொட்டிக்குத் தண்ணீரைக் கொண்டு வருகிறார்கள். தொட்டியின் வாயை ஒரு பெரிய பந்து மிதந்து அடைத்திருக்கும். பசு மூக்கால் பந்தை அமுக்கிக் குடிக்கும்; போனதும் பந்து தானே மேலே வந்து மூடிக்கொள்ளும். குடிக்கக் குடிக்கப் பூமிக்கடியிலிருந்து புதுத் தண்ணீர் வருவதால் உறைவதில்லை. நாலைந்து மாடுகள் மட்டுமே உள்ள வீட்டில் இந்தத் தொட்டியே ராத்திரியில் உறைந்து போகலாம். குடிப்பதற்கு ஆள் போதாது!

கோழிகளுக்கு இத்தனை ஆடம்பரம் இல்லை. இரண்டு ரப்பர் தொட்டிகள் போதும். ஒன்று கூண்டில் உறையும்போது மற்றொன்று வீட்டுக்குள் இளகிக்கொண்டிருக்கும். ரப்பரானதால் கவிழ்த்து ஒரு மிதி மிதித்தால் கட்டி விழுந்துவிடும், பாத்திரம் விரியாது.

இளங்கன்றுக்குத்தான் கவனம் அதிகம். பால் குடித்த கையோடு வெதுவெதுப்பான தண்ணீர் வைக்க வேண்டும். அது குடித்து முடித்ததும் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வேளைக்கு வாளியில் பனிக்கட்டிதான் இருக்கும்.