பெயர் தெரியாத மாத்திரை

ரத்த அழுத்தத்துக்கான மிபெஃப்ராடில் மாத்திரையை ரோச் நிறுவனம் 1998 ஜூன் 8 அன்று சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி தந்து அப்போது ஓராண்டுகூட நிறைந்திருக்கவில்லை. இந்த முடிவை இவ்விதழ் வரவேற்கிறது. ஆனால் இது காலம் கடந்து வந்த முடிவு.

டி-வகைக் கால்சியம் கால்வாயைத் தடுக்கும், நாடித்துடிப்பை விரட்டாது, கால் வீக்கம் குறைவு என்று புகழப்பட்ட மருந்து அது. கல்லீரலில் பல மருந்துகளைச் சிதைக்கும் சிஒய்பி 3ஏ4 நொதியை அது முடக்கும் என்பது அனுமதியின்போதே தெரியும். அதோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாதென்று விவரத்தாளில் அன்று பெயர் சொல்லி விலக்கியவை அஸ்டெமிசோல், சிசாப்ரைடு, டெர்ஃபெனடின் என 3 மருந்துகள். திரும்பப் பெற்ற நாளில் எண்ணிக்கை 25-ஐத் தாண்டியிருந்தது. ரத்த அழுத்தத்துக்கு வேறு மருந்துகள் எத்தனையோ இருக்க, பட்டியலை நீட்டிக்கொண்டே போவதைப் பாதுகாப்பு என்று அதிகாரிகள் எப்படி நம்பினார்கள்?

மாத்திரையை நிறுத்தியதோடும் ஆபத்து தீரவில்லை. பீட்டா தடுப்பானோடு மிபெஃப்ராடில் சாப்பிட்டு வந்தவர்களுக்கு டைஹைட்ரோபிரிடின் வகைக் கால்சியம் தடுப்பான் தொடங்கியதில் நால்வர் கார்டியோஜெனிக் ஷாக்கில் விழுந்தனர்; ஒருவர் இறந்தார். மாற்று மருந்தைப் பொறுத்து 7 முதல் 14 நாள் இடைவெளி விடச் சொன்னார்கள்.

இடைவெளி விட வேண்டுமானால், நோயாளி எதைச் சாப்பிடுகிறார் என்பது முதலில் தெரிய வேண்டும். மருத்துவர்களாகிய நம் முன் உட்காரும் பெரியவர், "சின்ன வெள்ளை மாத்திரைங்க, காலையில ஒண்ணு" என்கிறார். கடையில் கத்தரித்துக் கொடுத்த துண்டு அட்டையில் பெயர் பாதிதான் இருக்கும்; அதுவும் ஆங்கிலத்தில். அந்த வெள்ளை மாத்திரை அடெனலால் என்ற பீட்டா தடுப்பானாக இருந்து, நெஞ்சுவலிக்கு நாம் வெரபமிலோ டில்டியாசெமோ எழுதிவிட்டால், அடுத்த முறை அவர் ஹார்ட் பிளாக்கோடு வந்து சேரக்கூடும்.

மாத்திரை அட்டையின் ஒவ்வொரு கட்டத்திலும் பொதுப்பெயரைத் தமிழிலும் அச்சிட வைக்க வேண்டும் என்று இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதியாயிற்று. மனுவும் கொடுத்தாயிற்று. 'ஆவன செய்யப்படும்' என்ற ஒற்றை வரிக்கு மேல் பதில் இல்லை. தீப்பெட்டியின் மேல் தமிழ் இருக்கிறது. உயிரைப் பிடித்து வைத்திருக்கும் மாத்திரையின் மேல் இல்லை. தினமும் செய்தித்தாள் படிக்கிறவரையும் தன் மருந்தின் முன்னால் எழுத்தறியாதவராக நிறுத்தி வைத்திருக்கிறோம். இது சிறு குறை என்று தட்டிக்கழிப்பவர்கள் ஓர் இரவு அவசரப் பிரிவில் வந்து நிற்கட்டும்.

அரசாணை வரும்வரை நாம் காத்திருக்க வேண்டாம். கால்சியம் தடுப்பானோ பீட்டா தடுப்பானோ எழுதும் ஒவ்வொரு சீட்டிலும் மருந்தின் பெயரையும் தொடங்கிய தேதியையும் தமிழில் எழுதிக் கொடுப்போம். நிறுத்தினால், நிறுத்திய தேதியையும்.