வந்த வரிசை அடையாளம் ஆகாது

இந்த வார எபிசோட்ல, லினக்ஸ் எப்படி ஹார்டுவேரைக் கண்டுபிடிக்குதுன்னு பேசினோம். அதுல ஒரு கருத்தை நேரம் இல்லாம பாதியில விட்டுட்டேன். ஒரு டிவைஸ் வேலை செய்யலைன்னா சிஸ்டத்தையே மறுபடி இன்ஸ்டால் பண்றது தீர்வு கிடையாது. எந்தப் படியில நிக்குதுன்னு பார்க்க சோம்பல் படறோம், அவ்வளவுதான். தைரியமா சொல்றேன், ஏன்னா அந்தத் தப்பை நானே செஞ்சிருக்கேன்.

ஷார்ஜா ரோலாவில் அப்பா ஒரு சின்ன குரோசரி நடத்துகிறார். கவுன்டர்ல ஒரு பழைய பிசி, அதுல நான் போட்டுக் கொடுத்த லினக்ஸ். தராசு, பில் பிரின்டர் ரெண்டுமே பழைய சீரியல் வகை. யுஎஸ்பி கன்வெர்ட்டர் கேபிள் ரெண்டு வாங்கி மாட்டினேன். ஒண்ணு டிடிஒய்-யுஎஸ்பி-0, இன்னொண்ணு டிடிஒய்-யுஎஸ்பி-1னு வந்தது. 0 தராசு, 1 பிரின்டர்னு பில்லிங் சாஃப்ட்வேர்ல எழுதி வச்சுட்டு வந்துட்டேன். ஆறு மாசம் ஒரு பிரச்சினையும் இல்லை.

ரமலானுக்கு முன்னாடி கடையைச் சுத்தம் பண்ண, ஒயரையெல்லாம் கழற்றி மாட்டியிருக்காங்க. அன்னிக்குச் சாயங்காலம் அப்பா போன்ல, "டேய், தராசை கம்ப்யூட்டர் எடுக்க மாட்டேங்குது" என்றார். "ரீஸ்டார்ட் பண்ணுங்கப்பா" என்றேன். சில நாள் சரியாச்சு, சில நாள் ஆகலை. ஆகாத நாள்ல அவரே எடையைப் பார்த்து கையால டைப் பண்ணினார். நோன்பு திறக்கிறதுக்கு முந்தின கூட்டத்துல 250 கிராம் பூண்டு 2.5 கிலோ ஆயிடுச்சு. பல வருஷமா வர்ற கஸ்டமர் ஒருத்தர் பில்லைத் திருப்பி நீட்டிட்டு, ஒண்ணும் சொல்லாம நின்னாராம். காசைத் திருப்பிக் கொடுத்தாச்சு. அவர் அப்படி நின்னதைத்தான் அப்பாவால மறக்க முடியலை.

அந்த வாரக் கடைசியில போய் ராத்திரி முழுக்க உட்கார்ந்து லினக்ஸை மறுபடி இன்ஸ்டால் பண்ணினேன். மறுநாள் அதே கதை.

நான் பார்த்திருக்க வேண்டியது மூணே மூணு விஷயம். ஒரு யுஎஸ்பி கருவியைச் சொருகினதும், கெர்னல் அதோட வெண்டர் எண்ணையும் ப்ராடக்ட் எண்ணையும் கேட்டு வாங்கும். இது நடந்ததான்னு எல்எஸ்யுஎஸ்பி கட்டளை காட்டும். அடுத்து, அந்த எண்களுக்குப் பொருந்துகிற டிரைவர் வந்து ஒட்டிக்கும். அதே கட்டளையோட மைனஸ் டி சேர்த்தா, எந்த டிரைவர்னு தெரியும். கடைசியா யுடெவ் தன்னோட விதிகளைப் படிச்சு, அந்தக் கருவியை யார் தொடலாம், அதுக்குக் கூடுதலா என்ன பெயர் வைக்கலாம்னு முடிவு பண்ணும். பல நேரம் சிக்கல் இங்கேதான். உங்க யூசர் டயல்அவுட் குரூப்ல இல்லைன்னா, கருவி நல்லா இருந்தும் திறக்காது.

எங்க கடையில இந்த மூணுமே சரியாத்தான் நடந்திருந்தது. ரெண்டு கேபிளையும் லினக்ஸ் கண்டுபிடிச்சிருந்தது. தப்பு நான் நம்பின பெயர்ல. டிடிஒய்-யுஎஸ்பி-0 என்பது கிளினிக்ல கொடுக்கிற டோக்கன் மாதிரி. இன்னிக்கு முதல்ல வந்தவருக்கு அது கிடைக்கும், நாளைக்கு யாருக்கோ. நம்ம எமிரேட்ஸ் ஐடி நம்பர் அப்படி இல்லை. 784, பிறந்த வருஷம், அப்புறம் எட்டு இலக்கம்னு எந்தக் கவுன்டருக்குப் போனாலும் அதேதான். கருவிகளுக்கும் இப்படி மாறாத பெயர் வேணும் என்பது, 2003-ல் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் யுடெவை அறிமுகம் செய்தபோது முன்வைத்த காரணங்களில் ஒன்று. இருபது வருஷத்துக்கு முன்னாடியே தீர்வு வந்த பிரச்சினைக்கு நான் ஒரு ராத்திரியை வீணாக்கியிருக்கேன்.

சரி, சீரியல் நம்பரை வச்சு விதி எழுதலாம்னு பார்த்தா, ரெண்டு கேபிள்லயும் சிஎச்340 சிப். அதுல பொதுவா சீரியல் நம்பரே இருக்காது. ரெண்டும் 1ஏ86:7523னு ஒரே எண்ணைச் சொல்லுது. அதுக்குள்ள அப்பா மாஸ்கிங் டேப் கிழிச்சு, "தராசு இங்க"ன்னு எழுதி ஒரு போர்ட்டுக்கு மேல ஒட்டியிருந்தார். பார்த்துச் சிரிச்சேன். ஆனா சரியான விடை அதுதான். கருவியால தன்னை யாருன்னு சொல்ல முடியலைன்னா, அது உட்கார்ந்திருக்கிற இடத்தைத்தான் நம்பணும். டெவ் ஃபோல்டருக்குள்ள சீரியல், அதுக்குள்ள பை-பாத்னு இருக்கு. அங்கே யுடெவ் போர்ட்டை வச்சே பெயர் கொடுத்திருக்கும். பில்லிங் சாஃப்ட்வேர்ல அந்தப் பெயரை எழுதினேன். அப்பாவோட டேப்பையும் எடுக்கலை. ரெண்டும் சேர்ந்தாத்தான் வேலை நடக்கும்.

இதே 7523 நம்பருக்கு இன்னொரு கதையும் உண்டு. உபுண்டு 22.04 வந்தபோது, மலிவு அர்டுயினோ போர்டு வச்சிருந்த பலருக்குச் சொருகின கையோட போர்ட் மறைஞ்சு போச்சு. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் ஒரு பிரெயில் கருவிக்கும் அதே எண். அதனால பிஆர்எல்டிடிஒய் என்ற புரோகிராம், போர்டையும் பிரெயில் கருவின்னு நினைச்சு எடுத்துக்கிட்டது. இணையம் முழுக்க ஒரே அட்வைஸ்: "பிஆர்எல்டிடிஒய்யைத் தூக்கிடு." உங்க சொந்த லேப்டாப்னா தூக்குங்க. ஸ்கூல் லேப்லயோ லைப்ரரியிலயோ செய்யாதீங்க. அந்த விதி ஒருத்தர் திரையைப் படிக்கிறதுக்காக எழுதினது. அந்த ஒரு எண்ணுக்கான வரியை மட்டும் முடக்கினாலே போதும். எந்தப் படியில சிக்கல்னு தெரிஞ்சவங்களாலதான் இப்படி ஒரு வரியோட நிறுத்திக்க முடியும். தெரியாதவங்க மொத்தமாத்தான் அழிப்பாங்க.

வீட்டுலயும் கடையிலயும் சம்பளமில்லாத ஐடி டிபார்ட்மெண்ட் நாமதான். அடுத்த தடவை போன் வந்தா, ரீஸ்டார்ட்னு சொல்றதுக்கு முன்னாடி "கடைசியா எதைக் கழற்றி மாட்டினீங்க?"ன்னு ஒரு கேள்வி கேளுங்க. நான் அதை முதல் நாளே கேட்டிருந்தா, அப்பா அந்தக் கஸ்டமர் முன்னாடி தலைகுனிஞ்சு நின்னிருக்க மாட்டார்.