சாவி கைக்கு வந்தால் போதாது, பெயரும் வர வேண்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. கார் வாங்கும் எண்ணம் இல்லாதவர்கள் தாண்டிப் போகலாம். காரை விற்கும் எண்ணம் உள்ளவர்கள் மட்டும் தயவுசெய்து முழுவதும் படித்துவிடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஆரணியில் இப்போது எந்தத் தெருவுக்குப் போனாலும் 'கேஏ' என்று தொடங்கும் எண் பலகையோடு ஒரு காராவது நிற்கிறது. இதில் ஆச்சரியம் இல்லை. பட்டு நூல் வழியாக நம்மூருக்கும் பெங்களூருக்கும் பழைய உறவு. இன்று நம் பிள்ளைகள் ஏராளமானோர் அங்கேதான் வேலை பார்க்கிறார்கள். பழைய கார் சந்தை அங்கே பெரியது. ஒரே மாதிரியில் பத்து வண்டி பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். விலையும் நம் பக்கத்தைவிடக் குறைவு என்கிறார்கள். ஓசூர், கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, வேலூர் என்று ஒரே நாளில் ஓட்டிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் நிறுத்திவிடலாம்.

வாங்குவதை நான் குறை சொல்லவில்லை. வாங்கியபின் நடப்பதுதான் எனக்கு உடன்பாடில்லை. எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, கோயிலுக்குப் போய் வந்து, அதோடு காரியம் முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். ஆர்.சி.யில் பெங்களூர்க்காரர் பெயர் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கிறது. கேட்டால், "எல்லாம் கையெழுத்து வாங்கி வச்சிருக்கேன் சார்" என்று பதில் வரும். படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் விற்றவரின் கையெழுத்து இருக்கும், தேதி இருக்காது. அது பீரோவில் பட்டுச் சேலைக்கு அடியில் தூங்கிக்கொண்டிருக்கும். என்னைக் கேட்டால், அப்படிப்பட்ட காருக்குப் பெயர் சொந்தக் கார் அல்ல, முழு விலை கொடுத்து வாங்கிய இரவல் கார்.

"ஒரு வருஷம் டைம் இருக்கு சார்" என்று சொல்பவர்களும் உண்டு. இது பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 46ஆம் பிரிவுப்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியின் பதிவு இந்தியா முழுவதும் செல்லும். அதற்கு அடுத்த 47ஆம் பிரிவு, வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அந்த மாநிலத்தின் புதிய எண் வாங்க வேண்டும் என்கிறது. இந்தப் பன்னிரண்டு மாதம் எண் பலகைக்கான கெடு. பெயர் மாற்றத்துக்கான கெடு 50ஆம் பிரிவில் தனியாக இருக்கிறது. வாங்கியவர் 30 நாளுக்குள் தம் ஊர்ப் பதிவு அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். விற்றவருக்கும் கடமை உண்டு. அதே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாள், வெளிமாநிலத்தில் பதிவான வண்டியென்றால் தடையின்மைச் சான்றோடு 45 நாள். இரண்டு கடிகாரம் ஓடுகிறது. நம் ஆட்கள் பெரிய முள்ளை மட்டும் பார்க்கிறார்கள்.

இதை வெறும் அபராத விஷயமாக நினைத்தால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். நாளை சேத்துப்பட்டு சாலையில் அந்தக் கார் ஒருவர்மேல் மோதிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இழப்பீட்டு வழக்கில் யார் உரிமையாளர்? 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் வண்டி ஒருவர் கையிலிருந்து இன்னொருவர், அவரிடமிருந்து வேறொருவர் என்று பல கை மாறியிருந்தது. பதிவேட்டில் மட்டும் முதல் ஆளின் பெயரே இருந்தது. பதிவேட்டில் பெயர் உள்ளவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர், பொறுப்பும் அவருடையதே என்று தீர்ப்பு. வீட்டு வேலைக்கோ தறி வேலைக்கோ போய்க் குடும்பத்தைக் காப்பாற்றிய ஒருவர் அடிபட்டுக் கிடக்கும்போது, அவர் குடும்பம் வண்டி யார் யார் கைக்குப் போனது என்று தேடி அலைய முடியாது அல்லவா? நீதிமன்றம் பார்த்ததும் அந்தப் பக்கத்திலிருந்துதான். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

விற்கிறவர்கள் கடைசிவரை படியுங்கள் என்று சொன்னது இதற்காகத்தான். பெங்களூரிலோ சென்னையிலோ காரை விற்றுவிட்டுப் பணத்தை வாங்கி வங்கியில் போட்டவுடன் நீங்கள் விடுபட்டுவிடவில்லை. முகம் தெரியாத ஒருவர் எங்கோ ஓட்டும் வண்டிக்கு நீங்கள்தான் இன்னும் பொறுப்பு. அந்த வண்டியில் கடத்தல் சரக்கு போனால் காவல்துறை முதலில் தட்டுவது உங்கள் வீட்டுக் கதவைத்தான்.

வாங்குகிறவர் பக்கம் வேறொரு சிக்கல். என் பழைய மாணவர் ஒருவர் இப்படித்தான் கையெழுத்திட்ட தாள்களை நம்பி மூன்று ஆண்டு ஓட்டினார். மாற்றலாம் என்று போனபோது தடையின்மைச் சான்றுக்கு ஓ.டி.பி. கேட்டது. அது விற்றவரின் கைபேசிக்குத்தான் போகும். அவர் வெளிநாடு போய்விட்டார், எண்ணும் மாறிவிட்டது. வெளிநாடு போனவரையாவது தேடிப் பிடிக்கலாம். விற்றவர் இறந்துவிட்டால், பீரோவில் இருக்கும் கையெழுத்துக்கு என்ன மதிப்பு? வாரிசுகளிடம் போய் நிற்க வேண்டும். அவர்களுக்குள் பங்காளிச் சண்டை இருந்தால் உங்கள் காரும் அதில் ஒரு கட்சி.

இன்சூரன்ஸையும் சொல்லிவிடுகிறேன். வண்டி கை மாறும்போது மூன்றாம் நபருக்கான காப்பீடு கூடவே வரும். உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதி தானாக வராது. 14 நாளுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிப் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும். பழையவரின் 'நோ கிளெய்ம் போனஸ்' அவருடையது. அது வண்டியோடு வராது.

இனி பணம். "கர்நாடகாவில் ஆயுள் வரி கட்டியாச்சு, மறுபடி எதுக்குக் கட்டணும்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். நம் அரசியலமைப்பில் வாகன வரி மாநிலப் பட்டியலில் இருக்கிறது. அதனால் அங்கே கட்டிய ஆயுள் வரி அந்த மாநில எல்லையோடு சரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் புதிய காருக்கு விலை 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 என்று ஆக்கியிருக்கிறார்கள். பழைய வண்டிக்கு வயதைப் பார்த்துக் குறைப்பார்கள். ஆனால் கணக்கு தொடங்குவது வண்டி புதிதாக விற்றபோது இருந்த விலையிலிருந்து. நீங்கள் பேரம் பேசி முடித்த விலையிலிருந்து அல்ல. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 15 லட்சம் ரூபாய் காரை 5 லட்சத்துக்கு முடித்துவிட்டேன் என்று குதிக்கிறவர், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தொகையைக் கேட்டு உட்கார்ந்துவிடுகிறார். மலிவு என்று கண்ட வித்தியாசத்தில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். பிறகுதான், "கொஞ்ச நாள் கேஏ நம்பரிலேயே ஓடட்டும்" என்ற யோசனை பிறக்கிறது. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அசல் பில் விலையையும் பதிவான தேதியையும் எடுத்துக்கொண்டு போய் வரி எவ்வளவு என்று கேட்டுவிட்டு வந்து பேரம் பேசுங்கள்.

பழைய மாநிலத்தில் கட்டிய ஆயுள் வரியில் மீதிக் காலத்துக்கான தொகையைத் திரும்பக் கேட்க வழி இருக்கிறது. இங்கே பதிவான சான்றைக் காட்டி அங்கே விண்ணப்பிக்க வேண்டும். இந்த இடத்தில் எனக்கு அரசுகளின்மேல் கோபம் வருகிறது. கொடுப்பது உடனே, திரும்பி வருவது எப்போதோ. அதற்காக ஒரு நெசவாளி வீட்டுப் பையன் இரண்டு நாள் வேலையை விட்டுவிட்டுப் பெங்களூர் அலுவலகப் படியில் நிற்க வேண்டுமா? சரக்கு, சேவை வரியை மாநிலங்கள் தங்களுக்குள் கணக்குத் தீர்த்துக்கொள்கின்றன. இரண்டு மாநிலப் பதிவேடும் 'வாகன்' என்ற ஒரே கணினி அமைப்பில் இருக்கும்போது, வாகன வரியின் மீதியை ஒரு கருவூலத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது பெரிய வித்தையா? அதைச் செய்தால் கேஏ எண்ணில் ஒளிந்து ஓடும் வண்டிகளில் பாதி தாமாகவே வந்து வரிசையில் நிற்கும். 2021இல் 'பிஎச்' எண் வரிசை கொண்டுவந்தார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது அரசு ஊழியர்களுக்கும், நான்கு மாநிலங்களிலாவது அலுவலகம் உள்ள நிறுவனத்தில் வேலை செய்பவர்களுக்கும்தான். தறிக்காரருக்கும் மளிகைக்கடைக்காரருக்கும் இல்லை.

புதுச்சேரி நமக்குப் பக்கம், வரியும் குறைவு. அங்கே ஒரு முகவரி காட்டிப் பதிந்துவிடலாம் என்று யோசனை சொல்லும் ஏஜென்ட்கள் இருக்கிறார்கள். 2017இல் கேரளத்தில் திரை நட்சத்திரங்கள்மீதே இதற்காக வழக்கு வந்தது. டெல்லி வண்டி மலிவாகக் கிடைப்பதற்கும் காரணம் உண்டு. பத்து ஆண்டு தாண்டிய டீசல் வண்டிக்கும் பதினைந்து ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிக்கும் அங்கே தடை போட்டு, 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதில் சி.என்.ஜி. பொருத்தியிருந்தால் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். 15 ஆண்டு முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரலிலிருந்து கட்டணம் 5,000 ரூபாய் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

நடைமுறை இவ்வளவுதான். கடன் இருந்தால் வங்கிக் கடிதமும் படிவம் 35ம். நிலுவையில் உள்ள இ-சலான் எல்லாம் கட்டியாக வேண்டும். படிவம் 28இல், சேசிஸ் எண்ணின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த அச்சோடு, பழைய அலுவலகத்தில் தடையின்மைச் சான்று. பிறகு வண்டியை இங்கே ஆய்வாளர் முன் நிறுத்தி, படிவம் 27இல் புது எண். விற்பவர் ஊரில் இருக்கும்போதே, ஓ.டி.பி. வரும் கைபேசி அவர் கையில் இருக்கும்போதே சான்றை வாங்கிவிடுங்கள். கடைசித் தவணையாக ஒரு தொகையை நிறுத்திவைத்து, சான்று கைக்கு வந்தபின் கொடுங்கள். பட்டுச் சேலையைக்கூட சரிகையைத் திருப்பிப் பார்க்காமல் வாங்காத ஊர் நம்முடையது. இதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

கடையில் வாங்கினால், விற்கும் நிறுவனம் பதிவு அலுவலகத்தின் அங்கீகாரம் பெற்றதா என்று கேளுங்கள். 2023 ஏப்ரல் முதல் அதற்கு மத்திய அரசு விதி இருக்கிறது. அங்கீகாரம் பெற்றவரிடம் வண்டியை ஒப்படைத்து முறைப்படி இணையத்தில் தெரிவித்துவிட்டால், அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். விற்கிறவர்களுக்கு இது பெரிய பாதுகாப்பு. ஒப்புகையை மட்டும் பத்திரமாக வையுங்கள்.

சொந்தக் காரோடு ஊர் திரும்பப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெயர் மாற்றம் இல்லாவிட்டாலும் உங்களுக்கும் 47ஆம் பிரிவு பொருந்தும். வீட்டைக் காலி செய்து லாரியில் சாமான் ஏற்றுவதற்கு ஒரு மாதம் முன்பே தடையின்மைச் சான்றுக்கு எழுதிப் போட்டுவிடுங்கள். விண்ணப்பித்த 30 நாளுக்குள் கொடுக்கவோ காரணம் சொல்லி மறுக்கவோ வேண்டும் என்று 48ஆம் பிரிவு இருக்கிறது. அந்த 30 நாளும் நீங்கள் அங்கேயே இருந்தால், ஏதாவது தாள் குறைந்தால்கூட நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வரலாம்.