ஷிப்ட் தொழிலாளிக்கு ஒரே இதய மாத்திரை எப்போது கிடைக்கும்?

தோழர்களே, ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. பிரஷருக்கு இரண்டு மாத்திரை, கொழுப்புக்கு ஒன்று, ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின் ஒன்று. "காலை சாப்பாட்டுக்குப் பிறகு"ன்னு டாக்டர் எழுதிக் கொடுக்கிறார். ஒரகடத்திலும் சுங்குவார்சத்திரத்திலும் நைட் ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வருபவருக்கு எது காலை? இரண்டு நாள் விட்டுப்போகும், அப்புறம் மொத்தமாவே நின்னுபோகும். நிறுத்தினால் உடனே எதுவும் வலிக்காது. அதுதான் ஆபத்து.

இந்த மருந்துகளை ஒன்றாக அடக்கியதுதான் பாலிபில். இது ஏதோ வெளிநாட்டுச் சரக்கு இல்லை. அகமதாபாத் காடிலா நிறுவனத்தின் 'பாலிகேப்' நம் நாட்டின் 50 மையங்களில் சோதிக்கப்பட்டு, 2009-இல் முடிவு வெளிவந்தது. அடுத்து வந்த பெரிய ஆய்வின் முடிவு 2020-இல் வெளியானது. அதில் பங்கேற்ற 5,713 பேரில் கிட்டத்தட்ட பாதிப்பேர் இந்தியர்கள். பாலிபில்லோடு ஆஸ்பிரினும் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 31 சதவீதம் குறைந்தன. 2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் பாலிபில்லைத் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

நம் தேசியப் பட்டியல் வந்தது அதற்கு முன்பே, 2022 செப்டம்பரில். அந்தப் பட்டியலில் ஏறினால்தான் மருந்துக்கு உச்ச விலை நிர்ணயமாகும். அடுத்த திருத்தத்தில் ஒன்றிய அரசு இதைச் சேர்த்தே ஆகணும்.

'இதயம் காப்போம்' திட்டத்தில், நெஞ்சுவலியோடு வருபவருக்கு உடனே கொடுக்க 14 மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வைத்திருக்கிறது தமிழ்நாடு. நல்ல திட்டம், பாராட்டுகிறோம். ஆனால் வலி வருவதற்கு முன்னாடி தர ஒரு மாத்திரை வேண்டாமா?

மொத்தமாக வாங்கி விலையைக் குறைக்கும் வித்தையை நாட்டுக்கே காட்டியது நம்ம தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். அது பாலிபில்லை வாங்கட்டும். இஎஸ்ஐ மருந்தகங்களிலும், தொழிலாளரைத் தேடி மருத்துவம் முகாம்களிலும், ஷிப்ட் மாறும் நேரத்தில், இரண்டு மாதத்துக்கானதை ஒரே தடவையில் கொடுக்கட்டும். நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளின்னு பிரிக்கக் கூடாது. வடமாநிலத் தோழர்களுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறோம்.

ஒன்று மட்டும் கவனம். ஆஸ்பிரின் சிலருக்கு ரத்தக்கசிவை உண்டாக்கும். மருந்தின் அளவும் ஆளுக்கு ஆள் மாறும். அதனால டாக்டரைக் கேட்காமல் யாரும் இதை வாங்கிப் போடாதீங்க. முதலில் இந்த வாரமே பிரஷரும் சுகரும் பாருங்க. உங்க லைன்ல பக்கத்தில் நிற்பவரையும் கூட்டிட்டுப் போங்க.